கசடு மேட்டில் பின்னால் போகும் கால்கள்

சரிவில் நாற்று நடுகிறவளுக்கு இரண்டு காலும் ஒரே உயரத்தில் நிற்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுத ஆரம்பிக்கும்போதே பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு கதையைத் தப்பாகச் சொன்னால் படிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வலது கால் என்று எழுத வேண்டிய இடத்தில் நான் இடது கால் என்று எழுதி, அதை நம்பி யாராவது இடது காலை வைத்து உருண்டுவிட்டால்? அதனால் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, எழுந்து நின்று, காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். என் கணவர் கட்டிலில் படுத்தபடி, "ஊட்டுத் தரை மட்டமாத்தான கீது, இன்னாத்துக்கு இப்டித் தடவித் தடவி நடக்கற" என்கிறார்.

மேம்பாலக் கரையில் புல் செதுக்குகிறவர்களுக்கும், ஏரிக்கரையில் கருவேலம் வெட்டுகிறவர்களுக்கும், ரயில் பாதை மேட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் நான் சொல்லாமல் விட்டதுகூடத் தெரியும். மற்றவர்களுக்காக இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஓர் ஆலைக்குப் பின்னால் ஒரு கசடு மேடு இருக்கிறது. உருக்கிய பிறகு மிஞ்சுகிற, கருங்கல் மாதிரியான கசடை வருஷக்கணக்காகக் கொட்டியதில் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பிவிட்டது. தூசி பறக்கிறது என்று அதன்மேல் செம்மண் போட்டு, தென்னை நார் வலை விரித்து, வெட்டிவேர் நாற்று நடும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தார்கள். நடுவதற்கு நாங்கள் பதின்மூன்று பெண்கள். எல்லோரும் முன்பு நெல் நடவுக்குப் போனவர்கள். வயல்கள் பிளாட் ஆன பிறகு கம்பெனி வேனில் ஏறியவர்கள்.

மேட்டின் மேற்குப் பக்கத்து அடியில், மழைத் தண்ணீர் போவதற்கு ஒரு கல் வாய்க்கால். ஓர் ஆள் ஆழம். மூடி கிடையாது. மற்ற மூன்று பக்கங்களையும் முடித்துவிட்டுக் கடைசியாக அந்தப் பக்கம் நட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் நினைப்பெல்லாம் அந்த வாய்க்கால்தான். மூட்டை தூக்கி முதுகு போய் என் கணவர் வீட்டோடு இருக்கிறார். நானும் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் உலை வைக்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றால் வேலையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் எப்படிக் காலை வைப்பது என்பதுதான் இந்த ஒரு வருஷமாக என் கவலை.

நேராக ஏறினேன்

முதல் நாள் நாற்றுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, தெருவில் நடக்கிற மாதிரி நேராக மேலே ஏறினேன். பாதி தூரம் போன பிறகுதான் என் குதிகால் தரையிலேயே படவில்லை என்று தெரிந்தது. விரல் நுனியில் நிற்கிறேன். கெண்டைக்கால் தையல் மிஷின் ஊசி மாதிரி ஆடுகிறது. தலையில் கூடை இருப்பதால் குனிந்து கையை ஊன்றவும் முடியவில்லை. மேலே போகவும் பயம், இறங்கவும் பயம். எனக்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதே வேனில் வருகிறவள். சரிவில் குறுக்காகப் பத்து அடி நடந்து, திரும்பி, மறுபடி குறுக்காகப் பத்து அடி நடந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். கூடையை வாங்கி, மேடு இருக்கிற பக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாதம் முழுவதும் மண்ணில் படுகிற மாதிரி பக்கவாட்டில் வைக்கச் சொன்னாள். ஒரு கால் நன்றாகப் பதிந்த பிறகுதான் மறு காலை எடுக்க வேண்டும் என்றாள். வளைந்து வளைந்து மேலே போய்ச் சேர்ந்ததும் கூடையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பசுமாடுகூட ஏரிக்கரையில வளைஞ்சி வளைஞ்சிதான் ஏறுது, நீ மட்டும் இன்னாக்கா ராக்கெட்டு உட்ற?"

கோயில் வாசல்

கம்பெனியில் எங்களுக்கு ஷூ கொடுத்தார்கள். முன்னால் இரும்பு வைத்தது, அடியில் டயர் மாதிரி ஆழமாக வெட்டுப் போட்டது. கேட்டில் செக்யூரிட்டி பார்ப்பார் என்று போட்டுக்கொண்டுதான் உள்ளே போவோம். மேட்டுக்குக் கீழே வந்ததும் பதின்மூன்று பேரும் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நட்ட இடத்தில் யாராவது செருப்புக் காலோடு இறங்குவார்களா? பத்து வயதிலிருந்து வயலுக்கு முன்னால் கழற்றிப் பழகிய கால், இங்கேயும் தானாகவே கழற்றிவிட்டது. கசடு கீறி ரத்தம் வந்தால் மண்ணை வைத்துத் தேய்த்துக்கொண்டோம். எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் பயம். வெறுங்கால் வழுக்குமோ என்று ஒன்று, ஷூவோடு மிதித்தால் நாற்று செத்துப்போகுமோ என்று ஒன்று.

ஒரு நாள் சேஃப்டி சார் வந்தார். யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு உத்தியோகம். அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கீழே ஷூ வரிசையைப் பார்த்தார். மேலே எங்கள் கால்களைப் பார்த்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, இதென்ன கோயிலா?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் இறங்கி வந்து ஷூவை மாட்டிக்கொண்டோம். எஸ்தர் குனிந்து நாடாவைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்: "இங்கருந்து வழுக்கி உழுந்தா நேரா சாமிகிட்டதான சார் போறோம், அதான் கயட்டி வச்சோம்."

மேஸ்திரியின் நாஷ்டா

மேஸ்திரி நாகராஜ் கான்ட்ராக்டரின் ஆள். எங்களை வேலை வாங்குகிறவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவருக்கு வரிசை நேராக இருக்க வேண்டும். எனக்கோ, என் தலைக்கு நேர் மேலே ஒருத்தி நின்றால் கை ஓடாது. செம்மண்ணுக்கு அடியில் இருப்பது எல்லாம் கசடுதானே. மேலே நிற்கிறவள் குழி போடக் கம்பியால் குத்தும்போது ஒரு கல் பெயர்ந்தால், அது நேராக யாரிடம் வரும்? அதனால் மேலே யாராவது வந்தால் நான் இரண்டு அடி தள்ளிப் போவேன். அவளும் நகர்ந்தால் இன்னும் இரண்டு அடி. "சகுந்தலா, உன் ஒருத்தியால வரிசையே பாம்பு மாறி போவுது" என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்துவார்.

ஒரு காலையில் மேலே எஸ்தர் குத்திய இடத்திலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கல் கிளம்பியது. நான் தள்ளி நின்றதால் என் பக்கத்தில் குதித்து, வலையில் இரண்டு முறை தட்டி, வேகம் பிடித்துக் கீழே போனது. எல்லோரும் கத்தினோம். அடியில் வேப்பமர நிழலில் காலைச் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்தோம். கல் எங்கள் பதின்மூன்று டப்பாக்களையும் விட்டுவிட்டு மேஸ்திரியின் டப்பாவின்மேல் உட்கார்ந்தது. இட்லியும் சாம்பாரும் அடிமரம் வரை தெறித்தன. மேஸ்திரி வந்து நசுங்கிய டப்பாவைக் குனிந்து எடுத்தார். அன்றிலிருந்து ஒருத்திக்கு நேர் கீழே இன்னொருத்தி நிற்கக் கூடாது, கல் உருண்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும் என்று அவரே சட்டம் போட்டார். ஆனால் அதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நாளைலேர்ந்து நாஷ்டாவுக்கும் ஒரு ஹெல்மெட்டு வாங்கணும் போலக்கீதே."

மழை விட்ட காலை

மழை பெய்துகொண்டிருக்கும்போது யாரும் சரிவில் ஏறச் சொல்ல மாட்டார்கள். விட்ட பிறகுதான் வினை. வெயில் அடிக்கும், மேல் மண் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் கசடுக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். நான் ஏறுவதற்கு முன்னால் ஒரு கழியால் மண்ணைக் குத்திப் பார்ப்பேன். கழியை எடுத்ததும் குழியில் தண்ணீர் ஊறினால் காலை வைக்க மாட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயம்தான் சொல்லித் தந்தது.

அன்றைக்குக் குத்திப் பார்த்தேன், ஊறியது. இன்னும் கொஞ்ச நேரம் காயட்டும் மேஸ்திரி என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "இதுல இன்னா கீது, இப்டி ஏற வேண்டியதுதான" என்று வடக்குப் பக்கச் சரிவில் தானே விறுவிறு என்று ஏறிக் காட்டினார். பாதிக்கு மேல் போனதும் அவர் காலுக்கடியில் ஒரு பாய் அகலத்துக்கு மண் தோலுரிந்த மாதிரி நகர்ந்தது. மேஸ்திரி உட்கார்ந்தார். உட்கார்ந்த நிலையிலேயே வலையோடும் மண்ணோடும் அடி வரை வந்து சேர்ந்தார். வடக்குப் பக்கம் கீழே மட்டத் தரை என்பதால் எதுவும் ஆகவில்லை. மேற்குப் பக்கமாக இருந்திருந்தால் வாய்க்காலில்தான் போய் விழுந்திருப்பார். பதின்மூன்று பேரும் சிரிக்காமல் நிற்கப் பாடுபட்டோம். அவர் எழுந்து, பேன்ட்டின் பின்பக்கத்தைத் தட்டாமலே எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு எல்லாருக்கும் லீவு."

மண்டபத்துப் படி

இந்த வேலை வீட்டுக்கும் கூட வந்துவிடுகிறது. மணவாள நகரில் என் நாத்தனார் மகள் கல்யாணம். மண்டபம் முதல் மாடியில். சீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க வேண்டும். பட்டுப் புடவை வழுக்குகிறது. கையில் தட்டு இருப்பதால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. படியில் யாரோ பன்னீர் தெளித்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, அது பதிந்த பிறகு மறு காலை வைத்து, சுவர் பக்கமாகத் தட்டை அணைத்துக்கொண்டு இறங்கினேன். பின்னால் சீர் எடுத்து வந்த பெண்கள் எல்லோரும் படியில் காத்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

நான் விழவில்லை. தட்டில் ஒரு பூகூடச் சிந்தவில்லை. ஆனால் வந்த போட்டோவில் எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் ஆல்பத்தைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, சம்பந்தி ஊட்ல கேக்கறாங்க, உங்க அண்ணிக்கு எங்க மேல இன்னா கோவம், மூஞ்ச திருப்பிக்கினே வந்தாங்களேன்னு."

டேங்கர்

மேற்குப் பக்கம் மற்ற பக்கங்களைவிடச் செங்குத்து. அங்கே போவதற்கு முன்னால் பழகிக்கொள்ளட்டும் என்று சேஃப்டி சார் இடுப்பில் கட்டுகிற பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்து கொடுத்தார். மறு முனையை மேலே ஏதாவது அசையாத பொருளில் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டார். மேட்டின் உச்சி மொட்டை. மரம் இல்லை, கம்பம் இல்லை. அங்கே இருந்த கனமான பொருள் ஒன்றே ஒன்றுதான். கசடு லாரிகள் ஏறிய பாதை வழியாக மேலே வந்து நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற டேங்கர் லாரி. எஸ்தரும் இன்னும் இரண்டு பேரும் அதன் பின்பக்கக் கொக்கியில் கயிற்றைக் கட்டினார்கள். டிரைவர் சுப்பையா பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். "நைனா, வண்டிய எடுத்துடாத, உன்ன நம்பித்தான் தொங்கறோம்" என்றாள் எஸ்தர். "நான் எங்கம்மா போவப் போறேன், தண்ணி தீந்தாத்தான போவேன்" என்றார் அவர்.

அந்த "தீந்தா" என் காதிலேயே நின்றது. நான் கட்டவில்லை. நாற்றைப் பார்க்காமல் டேங்கரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் வரிசை கோணிக்கொண்டது. குழாயில் தண்ணீர் விரல் அளவுக்கு ஆனது, சொட்டானது, நின்றது. இஞ்சின் சத்தம் கேட்டது. நான் கத்திய கத்தலில் தொண்டை இரண்டு நாள் கட்டிக்கொண்டது. அவர் பிரேக் போடுவதற்குள் மூன்று பேரும் வயிறு தேய மூன்று அடி மேலே இழுபட்டுவிட்டார்கள். முழங்கை எல்லாம் சிராய்ப்பு. அன்றைக்கு மத்தியானமே சேஃப்டி சார் ஆள் வைத்து, உச்சியின் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஒரு கயிற்றுக்கு இரண்டு இரும்புக் கம்பி வீதம் ஆழமாக அடிக்க வைத்தார். தானே ஒவ்வொன்றையும் இழுத்துத் தொங்கிப் பார்த்தார். மூன்று பெண்களும் சுப்பையாவைச் சூழ்ந்துகொண்டு திட்டித் தீர்த்தபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "கீழ தள்னாத்தான தப்பு, நான் மேலதானம்மா ஏத்தி உட்டேன்."

மேற்குப் பக்கம்

கடைசியில் அந்தப் பக்கம் வந்தே விட்டது. கம்பெனிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள், அதற்குள் முடிய வேண்டும் என்று மேஸ்திரி பறந்தார். வாய்க்காலைப் பலகை போட்டு மூடிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எய்திப் போட்டுகீது, வரும்" என்றார். வந்த பிறகு ஆரம்பிக்கலாமே என்றேன். "பயப்படறவங்க நாளைக்கு வர வேணாம்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மறுநாள் முதல் ஆளாக வேனில் போய் உட்கார்ந்தேன்.

இங்கே நடவு நட்டவர்களுக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நெல் நடும்போது முன்னால் போக மாட்டோம். குனிந்தபடி நட்டு, ஒரு அடி பின்னால் போய், மறுபடி நட்டு, இன்னொரு அடி பின்னால் போவோம். பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டோம். வயல் முடிகிற இடத்தில் வரப்பு குதிகாலில் தட்டும், நிமிர்ந்துகொள்வோம். மேட்டிலும் நாங்கள் அப்படியேதான் உச்சியில் ஆரம்பித்துப் பின்பக்கமாக இறங்கி வந்தோம். மூன்று பக்கமும் கீழே மட்டத் தரை, கால் தானாக நின்றுகொண்டது. நான் மட்டும் இரண்டு அடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்ப்பேன். "கயுத்து சுளுக்கிக்கப் போவுதுக்கா" என்று எஸ்தர் கிண்டல் செய்வாள். மேற்குப் பக்கத்திலும் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே, நாற்றைப் பார்த்தபடி, வேகமாக என்னைத் தாண்டிக் கீழே போனாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய குதிகால் வாய்க்காலின் கல் விளிம்பில் இருந்தது. எஸ்தர் என்று கூப்பிடுவதற்குள் அவள் இல்லை.

கயிறு கட்டித்தான் இருந்தாள். ஆனால் அடி வரை நட வேண்டும் என்று அடி வரை எட்டுகிற மாதிரிதான் கயிற்றை நீளமாக விட்டிருந்தோம். அது பாதி வாய்க்காலில் இழுத்துப் பிடித்ததால் தலை தப்பியது. கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போனது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். மாவுக்கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது. ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவள் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வரப்பு தட்டும், நிமுந்துக்கலாம்னுதான் போய்க்கினு இருந்தேன், தட்டவே இல்லக்கா."

மூட்டைகள்

இரண்டு நாள் வேலையை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் சேஃப்டி சார் எல்லோரையும் நிற்க வைத்து, இனிமேல் பின்பக்கமாக நடக்கக் கூடாது என்று சொன்னார். எல்லோரும் சரி சார் என்றோம். மேலே போய் முதல் நாற்றை நட்டதும் பன்னிரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனோம். நானும்தான். சொன்னால் வாய் கேட்கும், கால் கேட்காது. அப்போதுதான் எஸ்தர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. இத்தனை நாள் நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கண்ணால் பயந்துகொண்டிருந்தேன். கண் அசந்தாலும் அசராமல் காலுக்குத் தெரிகிற மாதிரி அங்கே ஒன்று வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களின் வேனில் ஏறி, எங்கள் ஆட்கள் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விட்டேன். கட்டட வேலை நடந்த இடத்தில் காலி சிமெண்ட் சாக்குகள் குவிந்து கிடந்தன. கேட்டுத்தான் எடுத்தேன். பாதி அளவுக்கு மண்ணை நிரப்பி வாயைக் கட்டினேன். வாய்க்காலுக்குப் பத்து அடி மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒன்றோடு ஒன்று முட்டுகிற மாதிரி படுக்க வைத்து, கீழ்ப் பக்கத்தில் இரண்டு இரண்டு மூங்கில் முளை அடித்தேன். இடுப்பில் கயிறு. அந்தக் கயிற்றில் மூட்டை வரிசை வரைக்கும் அளந்து ஒரு முடிச்சுப் போட்டு, அதற்குக் கீழே என்னை விடாதபடி மிச்சக் கயிற்றை உச்சிக் கம்பியிலேயே சுற்றிக் கட்டிவிட்டேன். முதல் நாள் பதினோரு மூட்டைதான் முடிந்தது. மேஸ்திரி பார்த்தார். "நாத்து நடச் சொன்னா மூட்ட அடுக்கிகினு கீற, ஆய்வுக்கு வரவங்க இத பாத்தா இன்னா சொல்வாங்க" என்றார். என்ன சொன்னாலும் சொல்லட்டும், மூட்டை இருக்கிற நீளத்துக்குத்தான் மேஸ்திரி நான் நடுவேன், மீதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது நானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வாபஸ் வாங்கவில்லை. இரண்டாம் நாள் காலை வேனில் என்னோடு மூன்று பேர் வந்தார்கள். நாலாம் நாள் வரிசை முழுவதும் முடிந்தது. குதிகால் மூட்டையில் தட்டும், நிமிர்ந்துகொள்வோம், பக்கவாட்டில் நகர்ந்து மேலே ஏறுவோம். மூட்டைக்குக் கீழே இருந்த பத்து அடிக்கு மட்டும், சேஃப்டி சார் வாய்க்காலின்மேல் பலகை வாங்கிப் போட்டுக் கொடுத்த பிறகு, கீழேயிருந்து மேலே பார்த்து நட்டுக்கொண்டே ஏறினோம்.

மேஸ்திரி அந்த மூட்டைகளை ஆய்வுக்கு முன்னால் எடுத்துவிடச் சொல்லத்தான் இருந்தார். பலகை வருவதற்கு முதல் நாள், போனில் கான்ட்ராக்டரோடு பேசிக்கொண்டே சரிவில் நின்றார். வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு அடி பின்னால் வைத்தார், இன்னொரு அடி வைத்தார். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய குதிகால் மூட்டையில் தட்டியது. அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கீழே வாய்க்கால். காதிலிருந்து போனை எடுக்காமல், ஒரு அடி மேலே ஏறினார். பிறகு போனில் சொன்னார்: "மேக்கால ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், நான் வரப்பு போட்டு வச்சிகீறேன்."

என் பயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது அதுவும் என்னோடு சேர்ந்து மூட்டைக்கு மேல்பக்கமாகவே நின்றுகொள்கிறது.